2504-ஐப் பார்த்து என் தம்பிக்கு ஏன் பயம் வரல?

லீவுக்கு உத்திரமேரூர் போனப்போ வீட்ல 'அபூர்வ சக்தி 369' போட்டேன். சிங்கீதம் சீனிவாசராவ் 1991-ல் தெலுங்கில் எடுத்த 'ஆதித்யா 369'-ன் தமிழ் டப்பிங். கால இயந்திரம் முதல்ல 1526-க்கு, கிருஷ்ணதேவராயர் காலத்துக்குப் போகும். அப்புறம் 2504. உலகப்போர் முடிஞ்சு, வெளியே கதிர்வீச்சு, மனுஷங்க பூமிக்கடியில். ராயர் காட்சியை ஆசையா பார்த்த தம்பி, 2504 வந்ததும் போனை எடுத்துட்டான். பாட்டி மட்டும் கேட்டாங்க: "யாருடா இப்படிக் கெடுத்தது?" (கணக்குக் காட்டாதவங்களைக் குடவோலையில சேர்க்கக் கூடாதுன்னு 921-லயே கல்வெட்டுல வெட்டின ஊரு, கேட்கத்தானே செய்வாங்க!)

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது சட்டுனு புரியும். 2504 ஒரு ஓப்பன் லூப். அந்த அழிவுக்கு நாயகன் காரணமில்லை, விருந்தாளி மாதிரி போய்ப் பார்க்கிறான். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) க்ளோஸ்டு லூப். 2065-லிருந்து வந்த மெஷினை வச்சு, தொலைஞ்ச பொருளைக் கண்டுபிடிச்சுக் காசு பார்க்கிற ரெண்டு பேர், என்கவுன்டர்ல சாக வேண்டிய ரவுடி குழந்தைவேலுவைத் தெரியாம காப்பாத்திடுவாங்க. அவுட்புட் திரும்ப அவங்க தலையிலேயே வந்து விழும். உலகம் ஒண்ணும் அழியல, ஒரு ரவுடி பிழைச்சான், அவ்வளவுதான். ஆனா அதுக்குத்தான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இருண்ட எதிர்காலம் காட்டுற படம் எதைப் பார்த்தாலும், பாட்டியோட கேள்வியை நடுவுல ஒருதரம் கேட்டுப் பாருங்க. 'மாநாடு' (2021) வச்சு ஆரம்பிக்கலாம். முதல்வர் கொலை, கலவரம்னு ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும். அதுல பதில் ஆள் பேரோட கிடைக்கும்.