முதல் 72 மணி நேரம்

இம்மாதப் பாடம் கொஞ்சம் கனமானது, ஆனா தெரிஞ்சிருக்கணும். பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவர் பலர், அதை முதலில் சொல்வது ஒரு நண்பரிடம்தான். அந்த நண்பர் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

1. நம்புங்கள்.
"ஏன் அங்க போன?", "என்ன உடுத்தியிருந்த?" என்றெல்லாம் கேட்க வேண்டாம். "நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல." இது போதும். சொல்பவர் ஆணாக இருந்தாலும் இதே பதில்தான். அனுமதியில்லாமல் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், வாட்சாப் குழுவில் போடவே கூடாது.

2. மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள்.
அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 'ஓஎஸ்சிசி' எங்கே என்று கேளுங்கள். சிகிச்சை, ஆலோசனை, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு இது. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. முதலில் போலீஸ் புகார் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல் போவது நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லலாம். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் பரவாயில்லை, போங்க.

3. முடிவை அவரிடமே விடுங்கள்.
18 வயதைக் கடந்தவர் என்றால், புகார் செய்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. குடும்ப மானம் என்று அடக்கவும் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

4. படிப்பைக் காப்பாற்றுங்கள்.
ஹாஸ்டல் அறை மாற்றம், தேர்வுத் தள்ளிவைப்பு பற்றிப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் கேட்கலாம். கூடவே போய் உட்காருங்கள். பாலியல் தொல்லைக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றம் உள்ளது. விசாரணை பொதுமக்கள் முன் நடக்காது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு.

தாலியான் காசே எண் 15999. 24 மணி நேரமும் அழைக்கலாம். இப்போதே கைப்பேசியில் பதிந்து வைங்க.

சிந்திக்க: நம் கிளையில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், பயமில்லாமல் நம்மிடம் வந்து சொல்வாரா? இல்லையென்றால், நாம் எதை மாற்ற வேண்டும்?