கட்டை முதலில், தந்தி பிறகு

நெய்வேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழுப்பு நிலக்கரி நினைவுக்கு வரும். கச்சேரி கேட்பவர்களுக்கு நெய்வேலி சந்தானகோபாலனின் பாட்டும் வரும். இந்த நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் வயலின் எடுக்கும் பிள்ளைகளுக்கும், தந்தி வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்.

1. எந்தக் கட்டையில், அதாவது எந்த ஆதார சுருதியில், வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து சுமார் இருநூறு வருஷமாகிறது. உட்காரும் முறையை மாற்றினோம், சுருதி வைப்பதையும் மாற்றினோம். தந்தியை மட்டும் இன்னும் பெரும்பாலும் மேற்கத்திய சுருதிக்கே செய்கிறார்கள். அவர்களுக்கு ஜி, டி, ஏ, இ. நமக்கு ச, ப, ச, ப.

2. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பாடும் 5 கட்டைக்கு வாசிப்பதானால் கவலையில்லை. சட்ஜம் ஜி ஆகிறது. நான்கு தந்திகளும் ஜி, டி, ஜி, டி. கீழ்த்தந்திகள் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும், மேல்தந்திகள் இரண்டும் ஒரு சுரம் இறங்கும். சாதாரண செட் போதும். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பக்கத்து நாட்டுப்புற வயலின்காரர்களும் சில பாட்டுகளுக்கு இதே சுருதிதான் வைக்கிறார்கள்.

3. ஆண் குரலுக்கு 1 கட்டை என்றால் கதை வேறு. இப்போது சி, ஜி, சி, ஜி. சாதாரண செட்டை அப்படியே இறக்கினால் நான்காம் தந்தியின் இறுக்கம் பாதிக்கும் கீழே போகும். முதல் தந்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மிஞ்சும். தந்தி தொளதொளத்து, வில் அழுந்தினால் சுரம் நழுவும், கமகம் பிடிபடாது. வழி உண்டு: நான்காவதற்கு வயோலாவின் சி தந்தி, மூன்றாவதற்கு வயலினின் ஜி, இரண்டாவதற்கு டி, முதலாவதற்கு ஏ. டி-யும் ஏ-யும் ஒரு சுரம் மட்டும் இறங்கும். செட்டில் வரும் இ தந்தி மிஞ்சும். அதைப் பெட்டியில் போட்டு வையுங்கள். வயோலாத் தந்தி தடிமன் என்பதால், அது உட்காரும் பள்ளத்தைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சற்று அகலப்படுத்துங்கள்.

4. முதல் இரண்டு வருஷத்துக்கு ஸ்டீல் தந்தி போதும். சுருதி சீக்கிரம் நிற்கும், விலையும் குறைவு. நாதம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். வியன்னாவின் தாமஸ்டிக் கம்பெனி 1970-இல் கொண்டுவந்த டாமினன்ட் போன்ற செயற்கை இழைத் தந்திகள் இதமாகப் பேசும்; ஆனால் புதிதில் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். வில் பழகிய பிறகு அதற்குப் போகலாம். அரை, முக்கால் வயலினுக்கு அந்தந்த அளவுத் தந்தியைத்தான் கேட்க வேண்டும்.

5. புன்னாகவராளி, நாதநாமக்ரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்ற ராகங்களை மத்யம சுருதியில் பாடுவது வழக்கம். அப்போது பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிக்கொள்ளலாம்; இறக்காமல் வாசிப்பவர்களும் உண்டு. ஆரம்பத்தில் தந்தியை முறுக்கும் பிருடையைத் தொடாமல் விரலால் தேடிப் பழகுவதே நல்லது. காது அதில்தான் கூர்மையாகும்.

6. தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், வயலினுக்குள்ளே நிற்கும் மரக்கட்டையும் விழுந்துவிடக்கூடும். அதைத் திரும்ப நிறுத்தத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். குதிரையின் பள்ளத்தில் பென்சில் முனையால் இரண்டு தேய் தேய்த்தால் தந்தி அறாமல் வழுக்கிச் செல்லும்.

7. நம் ஊர்க் காற்றை மறக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்டீல் தந்தி நீண்டு சுருதி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிருடை ஊதி இறுகிக்கொள்ளும், முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். சுரங்கப் பக்கத்துத் தூசும் ரோசின் பொடியும் விரலில் தடவும் தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் தந்தியில் பிசுக்கு ஏறி நாதம் மங்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அந்தத் துணி வில்லின் மயிரில் படக்கூடாது.

8. நாதத்துக்காகத் தந்தியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மைக் இல்லாத சபைகளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினே அமைத்துக்கொண்டார். அவர் வில்லில் ஏற்கெனவே பலம் இருந்தது. கூடுதல் தந்தி அதைத் தாங்கியது. உங்கள் வில் நேராக ஓடாதவரை எந்த விலைத் தந்தியும் கீச்சிடத்தான் செய்யும்.

ஆகவே கடைக்குக் கிளம்பும்முன் ஆசிரியரிடம் கட்டையைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை அண்ணா சாலைக் கடையானாலும் ஆன்லைனானாலும், அந்தச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். பெட்டியின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள்.