இணையத்தில் கணக்கு கேட்கப் போறீங்களா? இப்படிக் கேளுங்க!



மூன்றாம் படிவம் வரைக்கும் அறிவியல் என்று ஒரே பாடம்தான். நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போனால் அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாகப் பிரிகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? அப்பா அம்மாவுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருக்கலாம். எல்லா வீட்டிலும் டியூஷனுக்குக் கட்ட வசதி இருக்காது. ஆனால் கையில் போன் இருக்கிறது.

போனில் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். விடையை மட்டும் கேட்டால் நாளைய வீட்டுப்பாடம் முடியும், அவ்வளவுதான். எஸ்.பி.எம். மண்டபத்துக்குள் போன் வராது. இரண்டாம் தாளில் செய்முறைக்கும் புள்ளி உண்டு. அதனால் நாம் மாட்டிக்கொண்ட இடம் எதுவோ, அதைக் கேட்கப் பழக வேண்டும்.

1. மூன்று வரி எழுதிவிட்டுக் கேளுங்கள்

ஒரு கணக்கு பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் பிரேக் போட்டதும் சீராக வேகம் குறைந்து 5 வினாடியில் நிற்கிறது. அது கடந்த தூரம் எவ்வளவு?

நம்மில் பலர் கேள்வியைப் படம் பிடித்து, "ஆன்சர் ப்ளீஸ்" என்று அனுப்பிவிடுவோம். அப்படிச் செய்யாமல் மூன்று வரி எழுதுங்கள்.

தெரிந்தது: தொடக்க வேகம் 72, இறுதி வேகம் 0, நேரம் 5 வினாடி.
கேட்டது: தூரம்.
நான் செய்தது: சராசரி வேகம் 36, அதை 5ஆல் பெருக்கினேன், 180 மீட்டர் வந்தது. புத்தகத்தில் 50 என்று இருக்கிறது. எங்கே தவறு?

பதில் சொல்பவருக்கு இது போதும். "சூத்திரம் சரிதான் தம்பி, அலகைத்தான் மாற்றவில்லை" என்று உடனே சொல்லிவிடுவார். 72 கிலோமீட்டர் என்பது 72,000 மீட்டர், ஒரு மணி என்பது 3,600 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 20 மீட்டர். சராசரி 10, அதை 5ஆல் பெருக்கினால் 50 மீட்டர்.

வெறும் விடையை வாங்கியிருந்தால், நமக்குச் சூத்திரம் தெரியும், அலகில்தான் கோட்டை விடுகிறோம் என்பது தெரியாமலே போயிருக்கும். பல சமயம் அந்த மூன்று வரியை எழுதும்போதே தவறு நம் கண்ணில் பட்டுவிடும். அப்போது யாரையும் கேட்கவே வேண்டாம்.

2. சரியான சொல்லைத் தேடுங்கள்

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சிரமம். வகுப்பில் மலாய்ச் சொல், இணையத்தில் ஆங்கிலச் சொல். இந்தப் பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

டாயா – ஃபோர்ஸ் – விசை
குவாசா – பவர் – திறன்
தெனாகா – எனர்ஜி – ஆற்றல்
லாஜு – ஸ்பீட் – வேகம்
ஹலாஜு – வெலாசிட்டி – திசைவேகம்
பெச்சுத்தான் – எக்செலரேஷன் – முடுக்கம்
ஜிசிம் – மாஸ் – பொருண்மை
பெராட் – வெயிட் – எடை

டாயாவையும் குவாசாவையும் குழப்பிக்கொண்டு தேடினால், வருகிற விளக்கம் சரியாக இருந்தாலும் அது வேறு பாடத்துக்கான விளக்கம். இன்னொரு சுலபமான வழியும் உண்டு. எஸ்.பி.எம். இயற்பியல், வேதியியல் கேள்வித் தாள்கள் இருமொழியில் இருக்கும். பழைய தாள்களில் மலாய்க் கேள்வியோடு ஆங்கிலமும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துத் தேடுங்கள்.

3. விடை ஏன் மாறுகிறது?

6.5 கிராம் துத்தநாகம், அதாவது ஸிங்க், தேவைக்கு அதிகமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைகிறது. வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவின் கொள்ளளவு என்ன? ஸிங்கின் சார்பு அணுப் பொருண்மை 65. எனவே 0.1 மோல். ஒரு மோல் ஸிங்குக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். ஆக, ஹைட்ரஜனும் 0.1 மோல்.

இதை இணையத்தில் கேட்டால் ஒருவர் 2.4 கன டெசிமீட்டர் என்பார், ஒருவர் 2.24 என்பார், இன்னொருவர் 2.27 என்பார். மூவரும் தவறு செய்யவில்லை. அறை நிலையில் ஒரு மோல் வாயுவுக்கு 24 கன டெசிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய திட்ட நிலையில், அதாவது 0 பாகை செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில், அது 22.4. 1982இல் ஐயூபேக் என்னும் அனைத்துலக வேதியியல் அமைப்பு திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அந்தக் கணக்கில் 22.7.

ஆகவே கேட்கும்போது "அறை நிலையில்" என்பதை விட்டுவிடாதீர்கள். கேள்வித் தாளில் என்ன மதிப்பு கொடுத்திருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். புவியீர்ப்பு முடுக்கமும் இப்படித்தான். சிலர் 9.81, சிலர் 9.8, சிலர் 10 என்று போடுவார்கள்.

4. வந்த விடையைச் சோதியுங்கள்

சாட்ஜிபிடி போன்ற செயலிகள் தவறான விடையையும் தயங்காமல் சொல்லும். அழகாக எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. நம் மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கே போடாமல் ஓடினாலும் 5 வினாடியில் 100 மீட்டர்தான் போகும். பிரேக் போட்ட வண்டி 180 மீட்டர் போகுமா? போகாது. இந்த ஒரு யோசனை போதும், தவறு பிடிபட்டுவிடும்.

செயலியிடம் கேட்பதாக இருந்தால், "விடை வேண்டாம், அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேளுங்கள்.

5. எங்கே போகலாம்?

கான் அகாடமியில் பாடங்களும் பயிற்சிகளும் இலவசம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் தளமும் இலவசம்தான். அதில் மின்சுற்று, விசை, அமிலம், காரம் எல்லாவற்றையும் திரையிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் வட்டாரத்தில் ஆறாம் படிவமோ பல்கலைக்கழகமோ படிக்கும் அண்ணன் அக்கா இருந்தால், ஐந்தாறு பேர் சேர்ந்து அவர்களோடு ஒரு புலனக் குழு தொடங்குங்கள். முகம் தெரியாதவர்களிடம் கேட்கும்போது மட்டும் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எதையும் கொடுக்காதீர்கள்.

விளக்கம் புரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் செய்யுங்கள். மறுநாளும் ஒரு தடவை செய்யுங்கள். வந்தால்தான் அது உங்கள் கணக்கு.

பயிற்சி

கால்சியம் கார்பனேட் தேவைக்கு அதிகமான அமிலத்தோடு முழுதாக வினைபுரிந்து, அறை நிலையில் 4.8 கன டெசிமீட்டர் கார்பன் டைஆக்சைடு வெளிவந்தது. பயன்படுத்திய கால்சியம் கார்பனேட் எத்தனை கிராம்? (சார்பு அணுப் பொருண்மை: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16)

விடை 20 கிராம். எப்படி வந்தது என்பதை நீங்கள் எழுதுங்கள். எங்கேயாவது நின்றுவிட்டால், அந்த இடத்தை மட்டும் கேளுங்கள்.