பட்டி எருவும் வன உரிமைச் சட்டமும்

அந்தியூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மஞ்சள் காடு. அப்பா காலத்திலிருந்தே அடியெரு பர்கூர் மலைப் பட்டியிலிருந்துதான் வருகிறது. வனத்தில் மேய்ந்து பட்டியில் அடையும் மாட்டின் எரு. முன்பெல்லாம் சொன்ன வாரத்தில் வண்டி வந்துவிடும். இப்போது இரண்டு மாசம் முன்னாடியே சொல்லி வைத்தாலும் பாதி லோடுதான். “மாடு எங்கீங்க இருக்குது?” என்கிறார் பட்டிக்காரர்.

போன மாசம் எரு விசாரிக்கப் போனபோது அங்கே ஊர்க்கூட்டம். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். 2024 ஜனவரியில் இந்த மலைக்காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. சரணாலயத்துக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022 மார்ச்சிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இருக்கிறது. அப்புறம் பர்கூர் மாடு எங்கே மேயும்? வன உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம் என்றதும் சண்டை ஆரம்பித்தது.

“இது பழங்குடிக்கு வந்த சட்டம். எல்லாரும் உள்ளே வந்தா எங்க மனு அடியில போயிரும்” என்றான் சோளகத் தம்பி ஒருவன். லிங்காயத்துப் பெரியவர் விடவில்லை. “உங்க தாத்தனும் எங்க தாத்தனும் ஒரே குட்டையிலதானப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்க?” நடுவில் ஒரு மலையாளிக்காரர். இவர் சமூகம் சேலம் மாவட்டத்தில் பழங்குடி, ஈரோட்டில் இல்லை. மலை ஒன்றுதான், பட்டியல்தான் வேறு.

நானும் சும்மா இருக்காமல், “காட்டை ஆளாளுக்குப் பட்டா போட்டால் காடு மிஞ்சுமா?” என்று கேட்டுவிட்டேன். “பட்டாவை விடுங்கண்ணா, அதுல மேய்ச்சல் பத்திப் படிச்சீங்களா?” என்றார் ஒரு அம்மா. படித்ததில்லை. வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

2006ஆம் ஆண்டுச் சட்டம் இது. தனிநபர் நில உரிமை அதில் ஒரு பகுதிதான், அதுவும் 4 ஹெக்டேருக்குள். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. நமக்கு முக்கியமானது சமூக உரிமை: மேய்ச்சல், நீர்நிலை, சிறு வனப் பொருட்கள், ஊர் பரம்பரையாகக் காத்த காட்டைத் தொடர்ந்து நிர்வகிப்பது. சரணாலயமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். நீதிமன்ற உத்தரவோடு மோதும்போது என்ன ஆகும் என்று கேட்கலாம். உரிமை பதிவாகாமல் அந்த வழக்கில் போய் நிற்கவே முடியாது என்பது என் எண்ணம்.

பழங்குடி அல்லாதவரும் கேட்கலாம். ஆனால் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், அந்த வனத்தில் வாழ்ந்து அதையே நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். இதுதான் கடினம். பலரும் ஆவணம் இல்லை என்று இங்கேதான் ஒதுங்கிவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. பழைய பட்டி இருந்த இடம், மாடு தண்ணி குடித்த குட்டை, சாமி மரம், சுடுகாடு எல்லாம் சான்று. இப்படிக் குறைந்தது இரண்டு வேண்டும்.

முதலில் முடிவெடுப்பது கிராம சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டியபோதுதான் அந்தத் தம்பியின் குரல் இறங்கியது. மனு மேலே கோட்ட அளவிலான குழுவுக்கும் பிறகு மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக “இல்லை” என்று திருப்பி அனுப்பினால் எழுந்து வராதீர்கள்.

இப்போது குட்டைகளையும் பட்டித் தடங்களையும் மூன்று சமூகத்தாரும் சேர்ந்து நடந்து குறிக்கிறார்கள். ஒரு குட்டை யாருடைய எல்லை என்று இன்னும் தகராறு. அப்பாவின் கணக்கு நோட்டில் 1974இல் எந்தப் பட்டியிலிருந்து எத்தனை வண்டி எரு வந்தது என்று எழுதியிருக்கிறது. அதன் நகலைக் கொடுத்தேன். 75 வருசத்துக்கு அது எட்டாது, துணைக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்தார்கள்.

கிராம சபைத் தீர்மானம் செல்ல ஊரில் பாதிப் பேராவது வந்தாக வேண்டும். தேதி விழுந்திருப்பதோ மஞ்சள் வெட்டு நேரம். மலையாட்கள் பாதிப் பேர் நம் காடுகளில்தான் இருப்பார்கள். அன்றைக்கு ஒருநாள் யாரையும் வேலைக்குக் கூப்பிடாதீங்க என்று எங்கள் ஊரில் சொல்லியிருக்கிறேன்.