உறவுச்சொற்களும் நாடுகளும்

தில்லியில் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரிப் பகுதியில் ஒரு சாலையின் பெயர் 'பஞ்சசீல் மார்க்'. பஞ்சசீலம் என்றால் ஐந்து நெறிகள் என்பது பொருள். 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் திபெத்துடனான வணிகம் குறித்துச் செய்துகொண்ட உடன்படிக்கையின் முன்னுரையில் அந்நெறிகள் இடம்பெற்றன. ஆட்சி எல்லையை மதித்தல், தாக்காதிருத்தல், உள்நாட்டுச் செயல்களில் தலையிடாமை, சமத்துவம், அமைதியுடன் சேர்ந்து வாழ்தல் என்பன அவை.

அவ்வாண்டு ஜூன் மாதம் சீனப் பிரதமர் சூ என்லாய் தில்லிக்கு வந்தார். அக்காலத்தில் எங்கும் ஒலித்த முழக்கம் 'இந்தி சீனி பாய் பாய்' என்பதாகும். இந்தியரும் சீனரும் உடன்பிறந்தார் என்பது இதன் பொருள். ஐந்து நெறிகளைவிட இவ்வுறவுச்சொல் மக்கள் மனத்தில் எளிதாகப் பதிந்தது.

ஆயினும், இரு நாடுகளின் எல்லைக்கோடு எது என்பதை அவ்வுடன்படிக்கை வரையறுக்கவில்லை. 1962 அக்டோபர் 20 அன்று எல்லையில் போர் மூண்டது. மக்கள் பலர் அதனை அயல்நாட்டோடு நேர்ந்த போராக மட்டும் கருதவில்லை. உடன்பிறந்தான் செய்த துரோகமாகவே எண்ணினர். மகிழ்ச்சியைப் பெருக்கிய சொல்லே மனக்காயத்தையும் பெருக்கியது.

இதற்குக் காரணம் உண்டு. யார் என்ன செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். உறவில் அஃது எழுதப்படுவதில்லை. அவரவர் எதிர்பார்ப்பு அவரவர் மனத்தில் இருக்கும். மேலும், உறவுச்சொல்லுக்குள் மூப்பும் அடங்கியுள்ளது. தமிழில் இது தெளிவாகத் தெரியும். 'சகோதரர்' என்பது மேடைக்குரிய சொல். வீட்டில் வழங்கும் சொற்களோ அண்ணன், தம்பி என்பனவே. ஆகவே, 'இவர்களுள் அண்ணன் யார்?' என்னும் வினா எழுகிறது. பெரிய நாடு அன்போடு 'தம்பி' என்றழைப்பது, சிறிய நாட்டின் செவியில் 'சொன்னதைக் கேள்' என ஒலிக்கக்கூடும்.

தமிழருக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. ஈழத்தமிழரைத் தமிழ்நாட்டு மேடைகள் 'தொப்புள்கொடி உறவு' என்று குறிப்பிடுகின்றன. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் கடல் கடந்து வந்தோருக்குத் தமிழ்நாடு இடமளித்தது. அதில் இச்சொல்லின் வலிமையைக் காணலாம். ஆனால், பாக் நீரிணையில் அதே உறவு சோதனைக்கு உள்ளாகிறது. தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவலையால் தம் வலைகள் அறுபடுவதாகவும் மீன்வளம் குன்றுவதாகவும் யாழ்ப்பாண மீனவர் வருந்துகின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தாம் மீன்பிடித்த கடலில் கைது செய்யப்படுவதாகத் தமிழ்நாட்டு மீனவர் வருந்துகின்றனர். இரு கரையிலும் ஒரே மொழி; இரு கரையிலும் அதே பசி. 2014ஆம் ஆண்டு சென்னையிலும் கொழும்பிலும் இரு தரப்பு மீனவரும் பேச்சு நடத்தினர். 2017இல் இலங்கை இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. சிக்கல் இன்னும் தீரவில்லை.

உறவுச்சொல் இரு தரப்பினரை ஒரு திண்ணையில் அமரச் செய்யும். எந்த வலை, எத்தனை நாள், எந்த எல்லை என்பவற்றை உடன்பாடுதான் முடிவு செய்யும். எனவே, நாடுகளைப் பற்றிய பேச்சில் உறவுச்சொல் வரும்போது, அதனோடு எழுதப்பட்டது என்ன, எழுதப்படாதது என்ன என்று ஆராய்வது கற்றோர் கடமையாகும்.

சொற்பொருள்
மூப்பு – வயதில் மூத்த நிலை
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட குறுகிய கடல்
இழுவலை – படகால் இழுத்துச் செல்லப்படும் வலை

பயிற்சி
1. பஞ்சசீல நெறிகள் ஐந்தினையும் எழுதுக.
2. 1962ஆம் ஆண்டுப் போரை மக்கள் 'துரோகம்' என எண்ணியது ஏன்?
3. 2023 செப்டம்பரில் தில்லியில் நடைபெற்ற ஜி20 மாநாட்டின் கருப்பொருள் 'ஒரே பூமி, ஒரே குடும்பம், ஒரே எதிர்காலம்' என்பதாகும். இதில் 'குடும்பம்' என்னும் சொல் எழுப்பும் எதிர்பார்ப்புகளைப் பத்து வரிகளில் எழுதுக.