மனிதவளக் கல்வியும் ஒரு வீட்டுக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

பட்டம் பெற்ற பின் என்ன படிப்பது என்ற வினா நம்மில் பலருக்கும் உண்டு. மனிதவள மேலாண்மை என்றால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி ஆள் எடுக்கும் வேலை என்றே நானும் எண்ணியிருந்தேன். பாடங்களைப் பார்த்த பின்னரே, அதில் பெரும்பகுதி சட்டமும் கணக்கும் என்பது விளங்கிற்று.

இப்படிப்புக்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் மங்களபுரத்தில், அரசு ஐ.டி.ஐ.யின் பின்புறம் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அரசு நடத்தும் இந்நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்களுக்கும், தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயத்திற்கும் பயிலலாம். நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்க்கும் இங்கு இடமுண்டு. தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் ஆவதற்கு உரிய தகுதி இது. 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலர் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 250 ஆகக் குறைத்துள்ளது.

இத்தகைய முதுகலைப் படிப்பின் பாடங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது சட்டம். 29 மத்தியச் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டமையால், இன்று பயில்வோர் பழையதையும் புதியதையும் அறிய வேண்டும். இரண்டாவது தொழில் உறவு. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு இதில் அடங்கும். மூன்றாவது ஊதிய நிர்வாகம்: வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை. நான்காவது ஆள் தேர்வு, பயிற்சி, உளவியல். இவற்றுடன் ஆலைகளுக்கே சென்று செய்யும் களப்பணியும் ஆய்வறிக்கையும் உண்டு.

பணிக்கொடைப் பாடம் என்னை நிறுத்தியது. என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தொழிற்பேட்டையில் நாற்பது பேர் வேலை செய்த ஒரு பட்டறையில் 12 ஆண்டுகள் லேத் ஓட்டினார். 2023இல் விலகியபோது, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய். ஒரு மாதச் சம்பளமும் ஓர் இனிப்புப் பெட்டியும் தந்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்தாண்டு உழைத்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. மாதத்திற்கு 26 வேலை நாள் என்பது கணக்கு. 13,000ஐ 26ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 7,500. பன்னிரண்டு ஆண்டுக்கு 90,000 ரூபாய்!

கணக்கைக் காட்டினேன். "அந்தத் தாளுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்லப்பா" என்றார்.

கையெழுத்திட்டதாலோ காலந்தாழ்ந்து கேட்பதாலோ மட்டும் இவ்வுரிமை போய்விடாது என்று அறிந்தேன். மனுவை நானே எழுதினேன். அப்பா இம்முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டார். பதிலை எதிர்நோக்கி இருக்கிறோம்.

நண்பர்களே! இப்படிப்பில் சேர விரும்புவோர் சேருங்கள். விரும்பாதோரும் இந்த ஒரு கணக்கையாவது தத்தம் வீட்டில் போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.