பரணா, கொட்டிலா? கதிர் முற்றும் காலத்துக் காவலுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் காலபோக நெல் தையிலும் மாசியிலும் முற்றுகிறது. கதிர் பால் பிடித்ததிலிருந்து அரிவி வெட்டும் வரைக்குமான ஒரு மாதம்தான் இராக்காவலுக்குக் கடினமான காலம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோர வயல்களில் யானை இறங்கும். மேட்டுக்காணியில் கச்சானைப் பன்றி கிண்டும். உழுந்திலும் கௌபியிலும் மான் மேயும். இந்த ஒரு மாதத்துக்கு எங்கே உட்கார்ந்து காவல் காப்பது என்பதைக் கதிர் வருமுன்பே முடிவுசெய்ய வேண்டும்.

வேட்டை மேடையும் காவல் பரணும்

அமெரிக்காவில் வில்லால் மான் வேட்டையாடுபவர்களும் மரத்தில் 15 முதல் 25 அடி உயரத்தில் மேடை கட்டி ஏறுகிறார்கள். காற்று தங்கள் மணத்தை மானிடம் கொண்டுபோகாத பக்கமாகப் பார்த்து உட்காருவார்கள். அசைவு, வெளிச்சம், சத்தம் எல்லாவற்றையும் அடக்குவார்கள். அங்கே அதற்குப் பருவமும் அனுமதிப்பத்திரமும் உண்டு. இங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வில்லானாலும் இடியன் துவக்கானாலும் கம்பிக் கண்ணியானாலும் மான், மரை வேட்டை குற்றம்தான்.

நம் பரண் வேறு வழக்கத்தில் வந்தது. தினைப்புனத்துப் பரணில் நின்ற வள்ளி ஒளியவில்லை, ஆலோலம் பாடினாள். காவல் பரணில் இருப்பவரின் மணம் காட்டுக்குள் போக வேண்டும், வெளிச்சம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். விலங்கு வயலுக்குள் கால் வைக்குமுன் திரும்பிப் போனால் அதுதான் நல்ல காவல். எந்த வகைப் பரண், எந்த இடம், என்ன கூரை என்ற கேள்விகளை இந்தக் கணக்கை வைத்தே பார்க்க வேண்டும்.

முதலில், வருவது எது?

வரம்பிலும் வாய்க்கால் சேற்றிலும் காலையில் தடம் பாருங்கள். பன்றியும் மானும் மட்டும் வந்தால் உயரம் பெரிய விடயமில்லை. யானைத் தடம் இருந்தால் எல்லாம் மாறும். காட்டோர மரங்களின் பட்டையில் யானை உடம்பு தேய்த்த சேறு காய்ந்திருக்கும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே ஆளின் அளவு தெரியும். வளர்ந்த ஆண் யானையின் தோள் 9 அடிக்குக் கிட்ட வரும். துதிக்கையைத் தூக்கினால் 15 அடியைத் தாண்டி எட்டும். வயலுக்குள் துணிந்து வருவது பெரும்பாலும் ஆண் யானைதான், அதிலும் தனியன்.

மூன்று தெரிவுகள்

*மரப்பரண்.* யானை வரும் இடத்தில் பரண் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். தளம் 18 அடிக்குக் கீழே வேண்டாம். மரம் உயிரோடு, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமனில் இருக்க வேண்டும். குளக்கட்டு, வாய்க்கால் ஓரமானால் மருது நல்லது. மேட்டில் புளியும் வேம்பும். பாலை உறுதியான மரம், காலபோகத்துக்குக் குறையில்லை. ஆனால் சிறுபோகத்தில், வைகாசி முதல் ஆடி வரை, அது பழுக்கும். பழத்துக்குக் கரடி ஏறும். விளாவைத் தொடவே வேண்டாம். ‘யானை உண்ட விளாங்கனி’ என்று சும்மா சொல்லவில்லை. யானைத் தடத்தின் மேலேயே நிற்கும் மரத்தையும், சேறு தேய்த்த அடையாளம் உள்ள மரத்தையும் விட்டுவிடுங்கள். வெளியில் தனித்து நிற்கும் உயர மரம் இடி மின்னல் நேரத்தில் ஆபத்து. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கூடுதலாக வரும் வன்னியில் இதை மறக்கக்கூடாது.

*நாலுகால் பரண்.* மரம் இல்லாத நடுவயலுக்கும் மேட்டுக்காணிக்கும் இது பொருந்தும். பன்றி, மான், மயில் மட்டும் என்றால் 8 முதல் 10 அடி போதும். காணி முழுக்கக் கண்ணுக்குள் வரும். யானை வரும் வயலில் இதை 20 அடிக்கு உயர்த்திக் கட்டுவதால் பயனில்லை, தலையால் ஒரு முட்டு முட்டினால் காலோடு சாயும். கால்களுக்கு வீரை, பாலை போன்ற வைரம் பாய்ந்த தடி வேண்டும். காட்டில் தடி வெட்டுமுன் வனவளத் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளில் 2009க்குப் பிறகும் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நீண்டது. மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்கும், ஊரவர் கால் வைக்காத பற்றைக்கும் தடி தேடிப் போக வேண்டாம். இரும்புக் குழாய்ச் சாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கறையான் அரிக்காது, அடுத்த போகத்துக்குக் கழற்றி வைக்கலாம்.

*நிலக்கொட்டில்.* செலவு குறைவு, ஏறி விழும் பயம் இல்லை, தீயும் மூட்டலாம். சுற்றிலும் மற்றவர்களின் வயல் இருக்கும் உள்வயலுக்கு இதுவே போதும். காட்டோரத்தில் யானை வரும் இடத்தில் இதைத் தெரிவு செய்யாதீர்கள். எங்கே கட்டினாலும் வெறும் தரையில் பாய் விரித்துப் படுக்கவேண்டாம். இரவில் தரையில் தூங்குபவரைத்தான் கட்டுவிரியன் அதிகம் கடிக்கிறது. கடித்த இடம் நோகாமலும் போகலாம். முழங்கால் உயரத்துக்குத் தடியில் தட்டி அடித்து, மேலே நுளம்பு வலை கட்டுங்கள்.

காற்று எந்தப் பக்கம்?

யானைக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர். காலபோகத்தின் கடைசியில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். உங்கள் வயலுக்குத் தெற்கிலோ மேற்கிலோ காடு இருந்தால், காட்டுப் பக்க வரம்பில் பரணைக் கட்டி, புகையும் ஒரு கட்டையைக் கீழே விட்டால் போதும். மணம் தானாகக் காட்டுக்குள் போகும். காடு வடக்கிலோ கிழக்கிலோ என்றால் மணம் உதவாது. அப்போது காற்று கிளை முறியும் சத்தத்தை உங்களிடம் கொண்டுவரும். அந்தப் பக்கத்தில் காதுக்கும் வெளிச்சத்துக்கும் முதலிடம் கொடுங்கள். அணையாத விளக்கொன்றைக் காட்டோரத்தில் தொங்கவிட்டு, பரணை வயலுக்குள் சற்றுத் தள்ளிக் கட்டலாம். சிறுபோகத்தில் சோழகம் தென்மேற்கிலிருந்து வருவதால் எல்லாம் தலைகீழ். ஆகவே இரண்டு போகத்துக்கும் ஒரே பரண் சரிவராத வயல்கள் உண்டு. இரவில் காற்று அடங்கித் திசை மாறும். பொழுதுபட்ட பிறகு புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்யுங்கள்.

கூரை, கட்டு, ஏணி

தகரம் நீடிக்கும். ஆனால் தை மழைத் தூறலில் அது போடும் சத்தத்துக்குள் யானை பத்து அடிக்கு வந்தாலும் கேட்காது. கிடுகோ பனையோலையோ போட்டால் காது திறந்திருக்கும். ஒவ்வொரு போகமும் மாற்றுவதுதான் அதன் செலவு.

உயிர் மரத்தில் ஆணி அடித்துத் தளம் தாங்கவைக்காதீர்கள். மரம் காற்றில் ஆட ஆட ஆணி இளகும். குறுக்குத்தடியைக் கவட்டில் ஏற்றிக் கயிற்றால் வரிந்து கட்டுவதே பாதுகாப்பு. நைலோன் கயிறு வெயிலில் உளுத்துப்போகும். போன போகக் கயிற்றை நம்பி இந்தப் போகம் ஏறவேண்டாம்.

வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய ஒரு பாடம் உண்டு. அவர்கள் விழும் விபத்துகளில் பல, ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும்போதும்தான் நடக்கின்றன. அதனால்தான் உடம்பைச் சுற்றிப் பட்டி கட்டி, நிலத்திலிருந்தே மரத்தோடு இணைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். சாரம் கட்டுபவர்களின் பாதுகாப்புப் பட்டி ஒன்று வாங்கினால் பல போகத்துக்கு வரும். ஏணியின் தலை, தளத்துக்கு மேலே மூன்று அடி நீண்டு நிற்கட்டும், பிடித்து இறங்க வசதி. டோர்ச்சையும் வெடியையும் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல், கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். குடித்தவர் அன்றிரவு ஏறவே கூடாது.

பரணுக்குக் கீழே நெல்லோ உப்போ வைத்தால் யானையை நீங்களே கூப்பிட்டதாகிவிடும். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியை அளவோடு பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இரவும் காரணமில்லாமல் போட்டால் தனியன் அதற்குப் பழகிவிடும்.

மின்வேலி இருந்தால்?

2020இல் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு, யானை-மனித மோதலைக் குறைக்கத் தயாரித்த தேசிய செயற்றிட்டம், கிராமத்தைச் சுற்றி நிலையான மின்வேலியும், வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் கட்டி, வெட்டு முடிந்ததும் கழற்றும் மின்வேலியும் வேண்டும் என்கிறது. கட்டியதோடு விட்டுவிடும் பொருளல்ல வேலி. கம்பியைத் தொடும் புல்லைக் கமக்காரரே கிரமமாக வெட்டாவிட்டால் வலு இறங்கிவிடும். கமக்காரர் அமைப்பு ஒன்றாக நிற்கும் இடத்தில் வேலியே முதல் தெரிவு. பரண் அதைக் கண்காணிக்கும் இடமாகும். வேலிக்குரிய கருவி விட்டுவிட்டுத் தரும் அதிர்ச்சி, விலங்கை விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும், கட்டுத்துவக்கு வைப்பதும் சட்டவிரோதம். அவற்றில் மாட்டிச் சாவது பல தடவை பக்கத்து வயல்காரர்தான்.

எதைத் தெரிவு செய்வது?

யானை வரும் காட்டோர வயல், நல்ல மரம் இருக்கிறது: மரப்பரண். யானை வரும், மரம் இல்லை: பரண் எண்ணத்தை விட்டு, அயல் வயல்காரரோடு சேர்ந்து போகவேலி. பன்றியும் மானும் மட்டும்: நாலுகால் பரண். உள்வயல்: தட்டி போட்ட நிலக்கொட்டில். எதுவானாலும் ஓர் ஆள் தனியே காவல் காக்க வேண்டாம்.

அரிவி வெட்டி நெல் வீடு வந்ததும் ஏணியை எடுத்து, தளத்தை அவிழ்த்துவிடுங்கள். வெறும் பரண் காட்டோரத்தில் நின்றால், ஆடி, ஆவணியில் குளமும் மோட்டையும் வற்றி மான் மிச்சத் தண்ணீருக்கு இறங்கும் நாட்களில், இடியன் துவக்கோடு வேறு யாராவது ஏறி உட்காருவார். அவர் பிடிபட்டால், பரண் யாருடையது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.